வீடு பார்க்க வந்திருக்கிறார்கள், சாவி எங்கே?

மனையும் வீடும்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில், விற்பனைக்கு விட்ட வீட்டை ஆட்களுக்குக் காட்டுவது பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். வழிகாட்டி மதிப்பு, பாகப்பிரிவினை பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

எங்கள் வீட்டை விற்பதாகப் புரோக்கர்களிடம் சொல்லி நான்கு மாதமாகிறது. ஆரம்பத்தில் அடிக்கடி போன் வந்தது. பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, மாமியார் மதியம் படுத்துத் தூங்குவார். அதனால் “இன்னிக்கு வேண்டாம், நாளைக்குக் கூட்டிட்டு வாங்க” என்று சில தடவை சொல்லிவிட்டேன். இப்போது ஒருவர்கூடக் கூப்பிடுவதில்லை. விலை கூடுதலாகச் சொல்லிவிட்டோமா?
– வாசகி, அழகாபுரம்

விலையைத் தெரிந்துகொண்ட பிறகும் பார்க்க வர ஆள் இருந்திருக்கிறது. அதனால்தானே போன் வந்தது? விலையைக் குறைப்பதற்கு முன் கதவைத் திறப்பதைச் சரி செய்யுங்கள்.

புரோக்கர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பெங்களூரிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ ஒரு குடும்பம் காரில் வந்து இறங்குகிறது. கையில் அரை நாள்தான். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், நரசோதிப்பட்டி என்று நான்கு வீடு காட்டிவிட வேண்டும். எந்த வீடு “வாங்க” என்கிறதோ அதுதான் பட்டியலில் ஏறும். “நாளைக்கு” என்ற வீடு அன்றோடு கழன்றுவிடும், ஏனென்றால் அந்தக் குடும்பம் நாளைக்கு சேலத்தில் இருக்காது. இரண்டு முறை இப்படி ஆனால், மூன்றாவது முறை புரோக்கர் உங்கள் எண்ணைத் தேடவே மாட்டார்.

இதற்காக நாள் முழுக்க வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கேட்டவருக்குச் சட்டென்று ஒரு உறுதியான பதில் கிடைத்தால் போதும். அதற்கு வாரத்துக்கு ஒரு நேரப் பட்டியல் போட்டு, எல்லாப் புரோக்கர்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்பிவிடுங்கள். அந்த நேரங்களில் ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால் போதும், மற்ற நேரம் என்றால் முதல் நாளே சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

நேரம் குறிக்கும்போது ராகு காலம், எமகண்டத்தைப் பார்த்துக் குறியுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வாங்க வருகிறவருக்கு இருக்கும். அவர் அதைச் சொல்லவும் மாட்டார், வேறு ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுவார். சனிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை ராகு காலம், மதியம் 1.30 முதல் 3 வரை எமகண்டம். ஆகவே சனிக்கிழமைக்கு 10.30 முதல் 1.30 வரை நல்ல இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 முதல் 1.30 வரை, ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. எனவே காலை 9 முதல் 12 வரையும், மதியம் 2.30 முதல் 4.30 வரையும் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு மாலை ஐந்து மணியைப் பலரும் குறிக்கிறார்கள். வேலை இல்லாத நேரம் என்று நினைத்துக் குறிப்பதுதான், ஆனால் அது ராகு காலத்துக்குள் விழுகிறது. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை 6 முதல் 7.30 வரை ஒரு நேரம் வேண்டும். பையனின் தேர்வு முடியும்வரை செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும் அந்த நேரம் என்று குறுக்கிக்கொள்ளலாம். அஷ்டமி, நவமியில் ஆள் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். அன்றைக்குத்தான் வீட்டைச் சுத்தம் செய்ய நேரம் கிடைக்கும்.

மாமியார் தூங்கும் நேரத்தைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள். அதில் தவறில்லை. ஒரு மணிக்கு ஒரு பேச்சாக இருப்பதுதான் கெடுக்கும். வெளியூர்க்காரர் அன்றே திரும்புகிறார் என்றால் மட்டும் விலக்கு கொடுத்து, மாமியார் படுத்திருக்கும் அறையைக் கடைசியாக, வாசலில் நின்று காட்டினால் போதும்.

ஒரு பார்ட்டிக்கு அரை மணி ஒதுக்குங்கள். உண்மையாகப் பார்க்கிறவர் உள்ளே இருபது நிமிடமாவது இருப்பார். இரண்டு பார்ட்டியை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி, போட்டி இருப்பதுபோலக் காட்டச் சொல்லும் புரோக்கர்கள் உண்டு. சேலத்தில் அது பெரும்பாலும் எடுபடுவதில்லை. முதலில் வந்தவர், “சரி, அவங்க பாத்துட்டுப் போகட்டும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்து முடிக்க வேண்டும்? வீட்டில் நான் ஒருத்திதான்.
– வாசகி, கன்னங்குறிச்சி

ஒரு மணி நேரம் தேவையில்லை, இருபது நிமிட வேலைதான். வரிசை முக்கியம்.

முதலில் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, திரைச்சீலைகளை ஓரம் தள்ளி, மின்விசிறிகளைப் போட்டுவிடுங்கள். மற்ற வேலைகளைச் செய்யும்போதே வீடு காற்றாடிக்கொண்டிருக்கும். அடுத்தது குளியலறை. தரையை வைப்பரால் தள்ளி ஈரம் போக்கி, வாளிகளைக் கவிழ்த்து, கழிவறை மூடியை மூடுங்கள். ஈரத் தரையில் வழுக்குமோ என்று வருகிறவர் வாசலிலேயே நின்றுவிட்டால், ‘உள்ளே ஏதோ கசிவு’ என்று நினைத்துக்கொண்டு போவார். பிறகு சமையலறையில் சிங்க்கைக் காலி செய்யுங்கள், பாத்திரத்தைக் கழுவ நேரமில்லாவிட்டால் ஒரு டப்பில் போட்டு சர்வீஸ் ஏரியாவில் வையுங்கள். கட்டிலிலும் நாற்காலியிலும் கிடக்கும் துணிகள் எல்லாம் ஒரே கூடைக்குள். அந்தக் கூடையை பீரோ பக்கம் ஒளித்து வைக்காதீர்கள், பரண் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் எட்டிப் பார்ப்பார்கள்.

கடைசியாக எல்லா விளக்குகளையும் போட்டு, எரியாத பல்பு எது என்று பாருங்கள். ஒரே அறையில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெள்ளையாகவும் எரிந்தால் அறை சின்னதாகத் தெரியும். மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பி வையுங்கள். குழாயைத் திறந்து பார்க்காத ஆள் சேலத்தில் கிடையாது. தண்ணீர் நூலாக விழுந்தால் ‘போரில் தண்ணி இல்லை’ என்று முடிவே கட்டிவிடுவார். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் வரும் என்பதையும் போர்வெல் எத்தனை அடி என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டால், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

மீன் வறுத்த வாடையை மறைக்க ஊதுபத்தி கொளுத்தாதீர்கள். இரண்டும் கலந்து இன்னும் மோசமாக அடிக்கும். கருவாடு, மீன் எல்லாம் ஆள் வராத கிழமைக்குப் போகட்டும்.

மொட்டை மாடிச் சாவியை மறக்கக் கூடாது. வீடு முழுக்கப் பார்த்துவிட்டு மாடிக்குப் போகும்போது, “சாவி அவர்கிட்ட இருக்கு” என்று சொல்லும் வீடுகள் ஏராளம். நம் ஊரில் வாங்குகிறவர் தளத்தில் விரிசல் இருக்கிறதா, தண்ணீர் எங்கே தேங்குகிறது, சிண்டெக்ஸ் எத்தனை லிட்டர் என்று மேலே ஏறித்தான் பார்ப்பார். மாடிக்கு விடவில்லை என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தமாகும். மாடிக் கதவு, மோட்டார் அறை, சம்ப் மூடி, மீட்டர் பெட்டி எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பிளாஸ்டிக் சீட்டுக் கட்டி, வாசல் பக்கம் ஒரு ஆணியில் மாட்டுங்கள்.

நீங்கள் தனியாக இருப்பதால் இன்னொன்று. புரோக்கர் இல்லாமல் நேரே வரும் ஆளை உள்ளே விடுவதற்கு முன் பக்கத்து வீட்டு அக்காவையோ அத்தையையோ வந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால், “வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வருவார், அப்போ வாங்க” என்று சொல்லிவிடுங்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர் ஆறு மணிக்கு வருவார்.

ஏற்காட்டில் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடும் கொஞ்சம் காப்பித் தோட்டமும் இருக்கின்றன. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். சாவி வாட்ச்மேனிடம். ஆள் போனால் ‘அவர் டவுனுக்குப் போயிருக்கார்’ என்றோ ‘போன் எடுக்கலை’ என்றோ சொல்கிறார்கள். போய்ப் பார்த்தவர்களும் ‘வீடு வாடை அடிக்குது’ என்கிறார்கள்.
– வாசகர், சென்னை

இரண்டு சிக்கல்கள்: ஒன்று ஆள், இன்னொன்று ஈரம். ஆளிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

வீடு விற்றுப்போனால் வாட்ச்மேனுக்கு வேலை போகும். அவர் குடும்பம் தங்கியிருக்கும் அறையும் போகும். அப்படியிருக்க, வருகிற ஆளுக்கு ஓடி வந்து கதவைத் திறக்க அவருக்கு என்ன அவசரம்? அவரைக் குறை சொல்வதை விட்டு, விஷயத்தை நேராகப் பேசிவிடுங்கள். விற்பனை முடிந்தால் இவ்வளவு என்று ஒரு தொகையை உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு முறை காட்டும்போதும் அன்றே ஜிபே-யில் ஒரு சிறு தொகை அனுப்புங்கள். புதிதாக வாங்குகிறவரிடம், “இவரையே வைத்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்பதாகவும் சொல்லுங்கள். தோட்டத்தோடு வாங்குகிற வெளியூர்க்காரருக்கு எல்லை தெரிந்த, தண்ணீர் வரும் வழி தெரிந்த ஒரு ஆள் கிடைப்பது லாபம்தான். இது பேசி முடித்த பிறகு போன் எடுக்கப்படும்.

அதோடு சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. மூன்று செட் வேண்டும்: வாட்ச்மேனிடம் ஒன்று, ஒண்டிக்கடைப் பக்கம் நம்பிக்கையான ஒரு கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ ஒன்று, உங்களிடம் ஒன்று. தெருவில் சாவி வெட்டுகிறவர் சாதாரணப் பூட்டுச் சாவியை வெட்டிவிடுவார். குழி குழியாக இருக்கும் கம்ப்யூட்டர் சாவியாக இருந்தால் எல்லா இடத்திலும் வெட்ட முடியாது. பூட்டோடு வந்த சாவி எண்ணைக் கொண்டு கம்பெனியில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் பூட்டு இறுகும். தேங்காய் எண்ணெய் விட்டால் பனியில் உறைந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகி, இன்னும் மோசமாகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், பென்சில் முனையைச் சுரண்டிய கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டாலும் சரி.

இனி ஈரம். பூட்டியே கிடக்கும் மலை வீட்டில் பூஞ்சை வருவது இயல்பு. ஆனால் வாடை வந்தால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் கூரை. சில்வர் ஓக் இலை விழுந்து ஓட்டுச் சாய்வுகள் சேரும் தகரக் கால்வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் ஏறிச் சுவரில் இறங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு முறையும், டிசம்பர் கடைசியில் ஒரு முறையும் அதை வாரச் சொல்லுங்கள். இரண்டாவது, பீரோவும் கட்டிலும் சுவரோடு ஒட்டி இருப்பது. நான்கு விரல் இடைவெளி விட்டு இழுத்துப் போட்டாலே பின்பக்கப் பூஞ்சை பாதி குறையும். மூன்றாவது, மெத்தை. யாரும் படுக்காத மெத்தையை நிறுத்தி வைக்க வேண்டும், படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஈரம் கோக்கும்.

வாரம் இரண்டு நாள், வெயில் இருக்கும்போது காலை 9 முதல் 12 வரை எல்லா ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும். மூன்று மணிக்குள் மூடிவிட வேண்டும். மாலையில் மேகம் இறங்கினால் திறந்த ஜன்னல் வழியே ஈரம்தான் உள்ளே வரும், காற்று என்று நினைத்துவிடக் கூடாது. வாட்ச்மேன் சாயந்திரம் வந்து திறந்து வைத்துவிட்டுப் போகிறார் என்றால், திறக்காமலே இருந்திருக்கலாம். அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா வைக்கலாம். தண்ணீர் நிறைந்ததும் மாற்ற வேண்டும், கவிழ்ந்தால் மரத்தில் கறை படும். நாப்தலீன் உருண்டையை அள்ளிக் கொட்ட வேண்டாம், எதையோ மறைக்கிறீர்கள் என்று மூக்கே சொல்லிவிடும்.

ஆள் வரும் நாளில் வாட்ச்மேன் ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் செய்ய வேண்டியவை: மெயினைப் போட்டு எல்லா அறையிலும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் திறந்துவிட்டுத் துருத் தண்ணீரை ஓட விடுவது, கல் படிகளில் பாசியிருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவது. பாசிப் படியில் வாங்க வந்தவரின் அம்மா வழுக்கினால் வியாபாரம் அங்கேயே முடிந்தது. தோட்ட எல்லைக் கல் ஒவ்வொன்றுக்கும் நடந்து போக ஒரு ஆள் அகலத்துக்குப் புல் வெட்டி, கல்லுக்கு வெள்ளை அடித்து வைக்கட்டும். எல்லையைக் கையை நீட்டி, “அந்த மரம் வரைக்கும்” என்று காட்டுவது மலையில் செல்லாது.

எப்போது வரச் சொல்வது? காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். சனி, ஞாயிறு என்றால் அதற்கு மேல். ஏரிப் பக்கம் வண்டி நகராத ஞாயிற்றுக்கிழமையில் வந்தவர் வீட்டைவிட நெரிசலைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். வார நாளில் வர முடிந்தால் அதையே சொல்லுங்கள். மே மாதத்தில் கோடை விழா நாட்களை அறவே தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, இறங்குகிறவர்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. வருகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. உங்கள் வீட்டில் எந்த நெட்வொர்க் எடுக்கும் என்று வாட்ச்மேனைக் கேட்டு, அதை லொகேஷனோடு சேர்த்து அனுப்புங்கள். மேப்பில் லொகேஷன் பின் விழும் இடத்தை ஒரு தரம் சரிபாருங்கள். எஸ்டேட் ரோட்டில் அது அடுத்த கேட்டுக்குக் கொண்டுபோய் விடும். வண்டி திரும்ப இடமில்லாத பாதை என்றால், எங்கே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிற இடம். அதனால் கட்டட அனுமதியை முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். அனுமதி வரைபடம், பட்டா, வரி ரசீது ஆகியவற்றின் ஜெராக்ஸ் ஒரு கவரில் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். விலை பேசும் வேலை மட்டும் வாட்ச்மேனுக்கு வேண்டாம். “ஐயாகிட்ட கேளுங்க” என்ற ஒரே பதிலைச் சொல்லிப் பழக்குங்கள்.

வாடகைக்கு ஆள் குடியிருக்கும் வீட்டை விற்கிறோம். ‘யாரையும் உள்ளே விட மாட்டேன்’ என்கிறார்கள். பூட்டை உடைத்தா காட்ட முடியும்?
– வாசகர், அம்மாபேட்டை

உடைக்கக் கூடாது. வீடு உங்களுடையதுதான், ஆனால் குடியிருப்பு அவர்களுடையது. வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் உரிமை, பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழுது பார்க்கவோ, வீட்டைச் சோதிக்கவோ, ஒப்பந்தத்தில் எழுதிய வேறு நியாயமான காரணத்துக்காகவோ உரிமையாளர் உள்ளே வரலாம். குறைந்தது 24 மணி நேரம் முன்னால், காரணத்தோடு, எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, ‘விற்பனைக்காக வீட்டைக் காட்ட வாரம் இரண்டு முறை ஒத்துழைக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சட்டத்தைக் காட்டித் திறக்கவைத்த வீடு நன்றாகவா இருக்கும்? உள்ளே நுழைந்ததும், “மழை வந்தா இந்த மூலை ஒழுகும்ங்க” என்று அவர்களே எடுத்துக்கொடுப்பார்கள். எனவே பேச்சு வேறு மாதிரி போக வேண்டும். வாடகைதாரருக்கு இருக்கும் பயம் இரண்டே: அட்வான்ஸ் திரும்ப வருமா, எத்தனை நாளில் காலி செய்யச் சொல்வார்கள்? இரண்டுக்கும் எழுதிக் கொடுங்கள். அட்வான்ஸ் சாவி கொடுக்கும் அன்றே, காலி செய்ய இத்தனை மாதம் என்று. வீடு காட்டும் மாதங்களுக்கு வாடகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யுங்கள். விற்பனை ஒரு மாதம் முன்னால் முடிந்தாலே அந்தத் தொகை திரும்பிவிடும்.

நேரத்தை அவர்களே குறிக்கட்டும். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிற குடும்பம் என்றால் பகலில் கூப்பிட்டால் வேலை கெடும். தறிக்கு ஓய்வு எப்போது என்று கேட்டு அதற்கேற்ப வையுங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கூடாது. பக்கத்தில் தறிச் சத்தம் இருக்கும் வீட்டை, தறி நிற்கும் நேரமாகப் பார்த்துக் காட்டுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. முதல் தரம் அமைதியாகப் பார்த்தவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மறுபடி வருவார், அப்போது சத்தம் கேட்டால் மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும்.

வாங்குகிறவர் வாடகைக்கு விடவே வாங்குகிறார் என்றால், குடியிருக்கும் ஆள் பாரம் இல்லை, வசதி. அதையும் புரோக்கரிடம் சொல்லி வையுங்கள்.

கீழ்த்தளத்தில் கொலுசுப் பட்டறை, மேலே வீடு. வெள்ளி எப்போதும் இருக்கும். வீடு பார்க்க வருகிறோம் என்று வேறு எண்ணத்தில் வந்தால்?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பயம் நியாயமானதே. வருகிறவரின் பெயர், செல் எண், எந்த ஊர் என்பதை முன்கூட்டி வாங்கி, அந்த எண்ணுக்கு நீங்களே திரும்பக் கூப்பிட்டுப் பேசுங்கள். வேறு எண்ணத்தில் வருகிறவர் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நழுவிவிடுவார். வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும்: ஒருவர் காட்ட, இன்னொருவர் பின்னால் வர. நான்கு பேர் வந்து நான்கு அறைக்குப் பிரிந்தால், “எல்லாரும் சேர்ந்தே பார்க்கலாம்ங்க” என்று சிரித்தபடி சொல்லிக் கூட்டி வந்துவிடுங்கள்.

பட்டறையை வேலை நேரத்தில் காட்ட வேண்டாம். பொடி, துண்டு, முடித்த உருப்படி எல்லாம் எடை போட்டுப் பெட்டகத்துக்குள் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காட்டுங்கள். நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும். மாத்திரை டப்பா, காசோலைப் புத்தகம், ஆதார் அட்டை இவையும் மேசை மேல் கிடக்கக் கூடாது. பத்திரத்தின் அசலைப் பார்க்க வந்த அன்றே காட்டத் தேவையில்லை. கேட்டால் ஜெராக்ஸ் காட்டுங்கள், அதன் மேல் குறுக்கே கோடு போட்டு, ‘பார்வைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவர்களே போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். சர்வே எண், பத்திர எண் மட்டும் கொடுத்தால் போதும். வீட்டை வீடியோ எடுப்பதில் தடையில்லை, ஆனால் பூட்டு, கேமரா இருக்கும் இடம், பட்டறையின் உள்பக்கம் ஆகியவற்றை எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலியாக இருக்கும் வீட்டுச் சாவியை எத்தனை புரோக்கரிடம் கொடுக்கலாம்?
– வாசகர், சூரமங்கலம்

ஒருவரிடம். மற்றவர்கள் அவரிடமோ எதிர் வீட்டிலோ வாங்கிக்கொள்ளட்டும். எதிர் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து, சாவி வாங்குகிற ஒவ்வொருவரும் தேதி, நேரம், தன் பெயர், கூட்டி வந்த பார்ட்டியின் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இந்த நோட்டின் அருமை கடைசியில்தான் தெரியும். ஒரே பார்ட்டியை இரண்டு புரோக்கர்கள் வேறு வேறு நாளில் கூட்டி வந்திருப்பார்கள். வியாபாரம் முடிந்ததும் இருவரும் கமிஷன் கேட்டு வாசலில் நிற்பார்கள். முதலில் யார் காட்டினார் என்பது நோட்டில் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் பத்திர ஆபீஸ் வாசல்வரை சண்டை வரும்.

காலி வீடு என்பதற்காக மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான். இருட்டு வீட்டில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்த ஆள் மறுபடி வர மாட்டார். தரையில் தண்ணீர் வடியும் ஜாலித் துளைகளிலும் கழிவறையிலும் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வந்துவிடும்.

ஆடி மாதம் ஆள் வருமா? போர்டை எடுத்துவிடலாமா?
– வாசகி, குகை

எடுக்க வேண்டாம். ஆடியில் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், ஆனால் பார்த்து வைப்பார்கள். ஆவணி பிறந்ததும் பேச்சு தொடங்கும். மார்கழி – தை கணக்கும் இதேதான். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாட்களில் மட்டும் உங்கள் பக்கம் கார் வருவது சிரமம். அந்த நாட்களில் பார்க்கக் கேட்டால் எந்த வழியாக வந்து எங்கே நிறுத்துவது என்று சொல்லி அனுப்புங்கள்.

வீட்டைக் காட்டும்போது நாங்கள் கூடவே இருக்க வேண்டுமா? புரோக்கர் ‘நீங்க வெளியே போயிடுங்க சார்’ என்கிறார்.
– வாசகர், அஸ்தம்பட்டி

வாசலில் வரவேற்று, தண்ணீர் கொடுத்து, வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள். உரிமையாளர் பின்னாலேயே போய், “இந்தத் தேக்கு அப்பவே…” என்று கதவு கதவாக விவரித்தால், கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாது. வீட்டில் ‘இங்கே கட்டில் போடலாம், அங்கே பூஜை அறை’ என்று அவர்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தால்தான் வியாபாரம் நகரும். மேற்குப் பார்த்த அறை மாலை நான்கு மணிக்குக் காயும் என்றால், கேட்டபோது ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுங்கள். சேலத்துக் கோடை தெரியாதவர் யாரும் இல்லை.

நாய் இருந்தால் கட்டிப்போட்டால் போதாது, மொட்டை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். கட்டிய நாய்தான் அதிகம் குரைக்கும்.

ஒருவர் 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டார். இனி மற்றவர்களுக்குக் காட்டுவதை நிறுத்திவிடலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

டோக்கன் சீட்டில் தேதி போட்டீர்களா? இத்தனை நாளுக்குள் கிரய ஒப்பந்தம் போட வேண்டும், தவறினால் டோக்கன் என்னவாகும் என்று எழுதாத சீட்டு, வீட்டை மாதக்கணக்கில் முடக்கிவிடும். பதினைந்து நாள் கொடுங்கள். அதுவரை புதிதாகக் கேட்கிறவர்களிடம் டோக்கன் ஆகியிருப்பதை மறைக்காமல் சொல்லி, வர விரும்புகிறவர்களுக்குக் காட்டிப் பெயரும் எண்ணும் வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தம் பதிவான அன்று காட்டுவதை நிறுத்தி, போர்டை எடுத்து, எல்லாப் புரோக்கர்களுக்கும் செய்தி அனுப்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். பதிவானது வில்லங்கத்தில் ஏறும். அந்த வியாபாரம் முறிந்து நீங்கள் மறுபடி காட்டத் தொடங்கினால், ரத்து ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு பிடித்துப்போன அடுத்த பார்ட்டி வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிடுவார்.